ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் கூகுள் கணக்குகள்: டூ-ஸ்டெப்பை எங்கிருந்து தொடங்குவது? கண்காணிப்பு மென்பொருள் வாங்கலாமா?

சார்ஜர்_எங்கே (கேள்வி)

வணக்கம். அமெரிக்காவில் ஒரு சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் பள்ளிகள்) டெக்னாலஜி கோஆர்டினேட்டராக இருக்கிறேன். நான்கு பள்ளிகள், சுமார் 2,300 பிள்ளைகள், 310 ஊழியர்கள். ஐடி என்று சொல்லிக்கொள்ள என்னையும் சேர்த்து மூன்று பேர். அதில் ஒருவர் பாதி நாள் பஸ் ரூட் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறார். பெரிய டிஸ்ட்ரிக்ட்டுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் இங்கே இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி மணி அடிக்க இருபது நிமிடம் இருக்கும்போது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் கணக்கிலிருந்து "வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை, வாரம் 400 டாலர்" என்று மெயில் பறக்க ஆரம்பித்தது. நாங்கள் கணக்கை முடக்குவதற்குள் 1,900 பேருக்குப் போய்விட்டது. உள்ளே ஒரு படிவம். அதில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தவர்கள் பதினொரு பேர் என்று அன்று மாலை கண்டுபிடித்தோம். எல்லாருக்கும் பாஸ்வேர்டு மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பதினொன்று அல்ல, பன்னிரண்டு. பன்னிரண்டாவது ஒரு ஆசிரியர். ஞாயிறு இரவு அவருடைய கணக்கிலிருந்து, சம்பளம் போடும் பேரோல் அலுவலகத்துக்கு ஒரு மெயில்: "என் வங்கி மாறிவிட்டது, அடுத்த சம்பளத்தை இந்தக் கணக்கில் போடுங்கள்." கையெழுத்துப் பகுதி, "அன்புடன்" எல்லாம் அப்படியே. பேரோலில் இருக்கும் அம்மா முப்பது வருட அனுபவசாலி. திங்கள் காலை அந்த ஆசிரியரின் வகுப்பறைக்கே நடந்துபோய், "உங்கள் வங்கி மாறிவிட்டதா?" என்று கேட்டுவிட்டார். தப்பித்தோம். பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தால், "பேரோல்", "டெபாசிட்" என்ற சொற்கள் வரும் மெயிலையெல்லாம் படித்ததாகக் குறித்துக் குப்பைக்கு அனுப்ப ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருந்தார்கள். பேரோல் அம்மா மெயிலில் பதில் கேட்டிருந்தால் ஆசிரியர் கண்ணில் அது பட்டே இருக்காது.

சரி, பையனின் பாஸ்வேர்டு எப்படிப் போனது? எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் மாணவர் பாஸ்வேர்டு என்பது பெயரின் முதலெழுத்துகளும் லஞ்ச் நம்பரும். அந்த லஞ்ச் நம்பரைத்தான் பிள்ளைகள் தினமும் கேண்டீன் கீபேடில் தட்டுகிறார்கள், சின்னவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுகிறார்கள். வரிசையில் பின்னால் நிற்கும் யாருக்கும் அது தெரியும். இந்த ஏற்பாட்டைச் செய்தது எனக்கு முன்னால் இருந்தவர். ஆறு வருடமாக அதை மாற்றாமல் வைத்திருந்தது நான்.

இப்போது மூன்று சிக்கல்.

ஊழியர்களுக்கு டூ-ஸ்டெப் (பாஸ்வேர்டோடு இரண்டாவதாக ஒரு சரிபார்ப்பு) கட்டாயம் என்றவுடன் ஆசிரியர் சங்கம், "எங்கள் சொந்தப் போனை எதற்குப் பயன்படுத்த வேண்டும்?" என்று கேட்கிறது. நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்குப் போனும் கிடையாது, பத்து எழுத்துப் பாஸ்வேர்டைத் தட்டவும் வராது. அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கம் கெடுப்பது. இந்தக் கலவரத்தின் சூட்டோடு, டிஸ்ட்ரிக்ட்டின் தலைமை அதிகாரியான எங்கள் சூப்பரின்டென்டன்ட், பிள்ளைகள் எழுதுவதையெல்லாம் 24 மணி நேரமும் படித்து எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் வாங்க வேண்டும் என்கிறார். "சிபா என்ற குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டமே கண்காணிக்கச் சொல்கிறது" என்று ஒரு விற்பனையாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார். டாக்ஸ், மெயில், சாட் எல்லாம் அதில் அடக்கம். டிஸ்ட்ரிக்ட்டை நிர்வகிக்கும் போர்டின் கூட்டம் ஏழு வாரத்தில். என் கருத்தைக் கேட்பார்கள், நான் என்ன சொல்ல?

---

பழைய_அட்மின்

பதினான்கு வருடமாக இதே பிழைப்பு. எங்களிடம் பிள்ளைகள் 19,000 பேர், ஆனால் ஓட்டை எல்லாம் உங்களுடையதைப் போலவேதான். லஞ்ச் நம்பரைப் படித்துச் சிரித்தேன். எங்களிடம் பிறந்த தேதி.

சங்கத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி ஒன்று 25, 30 டாலர். 310 பேருக்கும் வாங்கினாலே சுமார் 9,000 டாலர்தான். உண்மையில் பாதிப் பேர், "இது வேண்டாம், போனிலேயே வைத்துக்கொள்கிறேன்" என்று தாங்களாகவே வந்து சொல்வார்கள். கட்டாயப்படுத்தினால் வராது, தேர்ந்தெடுக்க விட்டால் வருகிறது. அட்மின் கன்சோலில் "குறுஞ்செய்தியும் அழைப்பும் தவிர எதுவும்" என்ற தேர்வை எடுங்கள். குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அதே போலிப் படிவத்தில் நல்ல மனுஷன் எழுதிக் கொடுத்துவிடுவான். சாவி அப்படி ஏமாறாது. தளத்தின் முகவரி சரியாக இல்லையென்றால் அது பதிலே சொல்லாது.

வரிசை முக்கியம். முதலில் நீங்கள் மூன்று பேர். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர் அட்மின் கணக்கும் தினசரி மெயில் கணக்கும் ஒன்றாக இருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். அட்மின் கணக்கில் மெயிலே படிக்கக் கூடாது. அடுத்து பேரோல், எச்ஆர், சூப்பரின்டென்டன்ட் அலுவலகம். அதன் பிறகு ஆசிரியர்கள், கடைசியில் கோச்சுகளும் தற்காலிக ஆசிரியர்களும். கெடு தேதி குறிக்கும்போது பதிந்துகொள்ள நான்கு வாரமாவது விடுங்கள். கெடு முடிந்த காலையில் பதியாதவர் கணக்குக்குள் நுழைய முடியாது, எட்டு மணி வகுப்பு ஏழே முக்காலுக்கு உங்கள் வாசலில் நிற்கும். அதற்காக பேக்கப் கோடுகளை (ஒருமுறை மட்டும் உள்ளே விடும் எண்கள்) நீங்களே உருவாக்கிக் கொடுக்கலாம். ஆனால் போனில் கேட்டால் கொடுக்காதீர்கள். நேரில் வரட்டும், அல்லது பிரின்சிபல் அடையாளம் சொல்லட்டும். 2022 லேபர் டே வாரயிறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் யூனிஃபைட் என்ற பெரிய டிஸ்ட்ரிக்ட் ஹேக்கர்களால் தாக்கப்பட்டபோது, லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை மாற்றவேண்டியிருந்தது, பள்ளிக்கு வந்துதான் மாற்ற வேண்டும் என்றார்கள். எரிச்சலான முறைதான், சரியான முறையும் அதுதான்.

கணக்கைத் திருடன் தொட்டுவிட்டால் பாஸ்வேர்டு மாற்றுவது வேலையில் கால்வாசி. ஃபில்டரை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். அதோடு ஃபார்வர்டிங், வேறொருவருக்குக் கொடுத்த டெலிகேட் அனுமதி, மீட்பு எண், அவன் தன் பெயரில் சேர்த்திருக்கக்கூடிய டூ-ஸ்டெப் சாதனம் எல்லாவற்றையும் பாருங்கள். "கூகுளால் உள்நுழை" என்று சொல்லி இணைத்த செயலிகளையும் பாருங்கள். டிரைவுக்கு அனுமதி வாங்கிய செயலி, பாஸ்வேர்டு மாறினாலும் சத்தமில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

செயலிகள் பற்றித் தனியாகவே ஒரு இழை எழுதலாம். 2023 அக்டோபரிலிருந்து 18 வயதுக்குக் கீழ் என்று குறித்த கணக்குகளுக்கு, அட்மின் பார்த்து ஒப்புதல் தராத வெளிச் செயலிகளை கூகுள் தானாகவே தடுக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அன்று பலரும் செய்தது என்ன? ஆசிரியர்கள் கத்தியவுடன் பட்டியல் முழுவதையும் "நம்பகமானது" என்று ஒரே க்ளிக்கில் திறந்துவிட்டார்கள். நானும் செய்தேன். அப்புறம் உட்கார்ந்து எண்ணினால் 1,400 செயலிகள். ராசிபலன் சொல்வதுகூட இருந்தது. அதை ஒரு கோடை விடுமுறை முழுவதும் களையெடுத்தேன்.

இன்னொன்று. உங்கள் பூட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், தகவல் உங்களிடம் மட்டும் இல்லை. மாணவர் பதிவேட்டு மென்பொருள் நிறுவனமான பவர்ஸ்கூலின் 2024 டிசம்பர் கதை தெரிந்திருக்கும். திருடப்பட்ட ஒரே ஒரு பயனர்பெயரும் பாஸ்வேர்டும், நுழைந்தது வாடிக்கையாளர் சப்போர்ட் போர்ட்டல் வழியாக. நிறுவனம் பணம் கொடுத்தது, தகவலை அழித்துவிட்டதாக வீடியோ காட்டினார்கள். 2025 மே மாதம் அதே தகவலைக் காட்டி டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கே நேரடியாக மிரட்டல் வந்தது. பிள்ளையின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை நம் பதிவேட்டில் எதற்காக வைத்திருக்கிறோம் என்று உங்கள் ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுப் பாருங்கள். "எப்போதும் அந்தக் கட்டம் இருந்தது, நிரப்பினோம்" என்பார். நாம் வாங்கி வைக்காத எண் திருடு போகாது.

நிதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் சைபர் பாதுகாப்பு முன்னோட்டத் திட்டத்தில் இருந்தது 20 கோடி டாலர், விண்ணப்பங்கள் கேட்டது 370 கோடி. கூகுள் பள்ளிகளுக்குத் தரும் ஃபண்டமென்டல்ஸ் என்ற இலவசப் பதிப்பிலேயே டூ-ஸ்டெப் கட்டாயமும் செயலிக் கட்டுப்பாடும் இருக்கின்றன. அப்படியே அந்த 90 நாளுக்கொரு முறை பாஸ்வேர்டு மாற்றும் விதி இருந்தால் எடுத்துவிடுங்கள். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டியின் வழிகாட்டுதலே அது வேண்டாம் என்கிறது. "கோடை2024!" போய் "கோடை2025!" வருவதைத் தவிர அதனால் ஒரு பயனும் இல்லை.

மூன்றாவது கேள்விக்கு நான் சரியான ஆள் இல்லை.

---

வெறும்_அப்பா

ஐடிக்காரர்கள் எல்லாரும் பூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். என் மகள் மூன்றாம் வகுப்பு. அவளுக்கு மெயில் எதற்கு? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். போன வருடம் பள்ளியில் கேட்டேன், என் பிள்ளையின் பெயர் எந்தெந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்று. ஆறு வாரம் கழித்து 112 பெயர் கொண்ட பட்டியல் வந்தது. அதில் பாதியை அவள் ஆசிரியையே கேள்விப்பட்டதில்லை. 13 வயதுக்குக் கீழே என்றால், பிள்ளைகளின் இணையத் தனியுரிமைக்கான காப்பா சட்டப்படி பெற்றோர் சம்மதம் வேண்டும். பள்ளி எங்களுக்குப் பதிலாகச் சம்மதம் கொடுத்துவிட்டதாம். யார், எப்போது கொடுத்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுகிறார்கள்.

---

பழைய_அட்மின்

அப்பா சொல்வது கோபமாக இருந்தாலும் சரி. பெற்றோருக்குப் பதில் பள்ளி சம்மதிக்கலாம், ஆனால் கல்வித் தேவைக்கு மட்டும்தான். அந்தத் தகவலை நிறுவனம் வேறு வியாபாரத்துக்குப் பயன்படுத்துமானால் பள்ளியின் சம்மதம் செல்லாது. மெயிலைப் பொறுத்தவரை நாங்கள் ஐந்தாம் வகுப்பு வரை ஜிமெயிலையே அணைத்து வைத்திருக்கிறோம், அதற்கு மேல் டிஸ்ட்ரிக்ட்டுக்குள் மட்டும். வெளியிலிருந்து வர வேண்டிய முகவரிகளை ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் சேர்க்கிறோம். சார்ஜர், உங்கள் எட்டாம் வகுப்புப் பையனின் கணக்கு வெளியே அனுப்பவே முடியாமல் இருந்திருந்தால் அந்த 1,900இல் எத்தனை குறைந்திருக்கும் என்று பாருங்கள்.

---

நாலாம்வகுப்பு_டீச்சர்

வகுப்பறையிலிருந்து எழுதுகிறேன், மதிய இடைவேளை, பாதியில் நின்றுவிடலாம்.

மழலை வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் எங்களிடம் க்யூஆர் அட்டை. குரோம்புக் கேமரா முன்னால் காட்டினால் உள்ளே போய்விடும். அற்புதம்தான், ஆனால் அது ஒரு சாவி என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வகுப்புப் போட்டோ எடுத்துப் பள்ளியின் பக்கத்தில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அட்டை வகுப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு டப்பாவில் போட்டுப் பூட்டுகிறேன். தொலைந்தால் அதை ரத்து செய்து புதிதாக அச்சடிக்க ஒரு நிமிடம் ஆகும்.

மூன்றாம் வகுப்பிலிருந்து பாஸ்வேர்டு. மூன்று சின்னச் சொற்களைச் சேர்த்து ஒன்று செய்யச் சொல்கிறேன், அவர்கள் எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களாக. இது பாதுகாப்பு வகுப்பு மட்டுமல்ல, ஸ்பெல்லிங் வகுப்பும். ஆனால் பத்து வயதுப் பெண்பிள்ளைகளிடம் பாஸ்வேர்டை ரகசியமாக வை என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? உயிர்த்தோழிக்குச் சொல்லாவிட்டால் அவள் உயிர்த்தோழியே இல்லை. மார்ச் மாதம் சண்டை வரும், தோழியின் கணக்கில் நுழைந்து அவளுடைய ஸ்லைடு எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். இதற்கு ஹேக்கர் எதற்கு? இப்போது நான் "சொல்லாதே" என்பதில்லை. "சண்டை வந்த அன்றே என்னிடம் வந்து மாற்றிக்கொள், காரணம் கேட்கமாட்டேன்" என்கிறேன். வாரத்துக்கு ஒருத்தி வருகிறாள்.

சாட் வசதியை அணைத்துவிட்டோம் என்று ஐடி பெருமையாகச் சொன்னது. பிள்ளைகள் கூகுள் டாக்ஸில் பேசிக்கொள்கிறார்கள். "சயின்ஸ் ப்ராஜெக்ட்" என்று பெயர், உள்ளே நாற்பது பக்கம் யார் யாரோடு பேசுவதில்லை என்ற பஞ்சாயத்து. ஆசிரியர் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள், கமென்ட்டில் எழுதி "ரிசால்வ்" அழுத்தி மறைப்பார்கள். அழித்தது வெர்ஷன் ஹிஸ்டரியிலும், மறைத்தது கமென்ட் ஹிஸ்டரியிலும் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒருமுறை ஒரு பையனைப் பற்றி ஏழு பேர் சேர்ந்து எழுதியதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். எந்த மென்பொருளும் சொல்லவில்லை. அவன் மூன்று நாளாகக் கழிப்பறைக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான், அதைப் பார்த்துத்தான் தேடினேன்.

டாக்ஸைத் தடுக்க முடியாது, வேண்டவும் வேண்டாம். மாணவர்கள் டிஸ்ட்ரிக்ட்டுக்கு வெளியே பகிர முடியாதபடி மட்டும் செய்துவிடுங்கள். "இணைப்பு உள்ள எவரும்" என்ற தேர்வே அவர்களுக்குத் தெரியக்கூடாது. ஆசிரியர்களுக்கும்தான், சொன்னால் எங்கள் ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகளின் தனிப் படிப்புத் திட்டமான ஐஇபி விவரங்கள் உள்ள ஷீட் ஒன்று இணையத்தில் யாருக்கும் திறக்கும்படி கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மணி அடித்துவிட்டது.

---

கவுன்சிலர்_அறை_3

மூன்றாவது கேள்விக்கு நான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஹைஸ்கூல் கவுன்சிலர். முன்பு வேலை பார்த்த டிஸ்ட்ரிக்ட்டில் இப்படி ஒரு மென்பொருளோடு மூன்று வருடம் வாழ்ந்தேன். எந்த மென்பொருள் என்பது தேவையில்லை.

முதலில் சட்டம். சிபா 2000இல் வந்தது. இணைய இணைப்புக்கு அரசு தரும் இ-ரேட் பணம் வாங்கும் பள்ளி ஆபாசப் படங்களை வடிகட்ட வேண்டும், பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கவனிக்க வேண்டும், இணையத்தில் நடந்துகொள்வது பற்றியும் சைபர் புல்லியிங் பற்றியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இணையப் பயன்பாட்டைத் தொடர்ந்து பின்தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும் என்று அது கேட்கவில்லை. கேட்கவில்லை என்று எஃப்சிசியே தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. அந்த வரியை அச்சடித்து உங்கள் சூப்பரின்டென்டன்ட் மேசையில் வையுங்கள். மென்பொருள் வாங்குவதும் வாங்காததும் உங்கள் முடிவு, சட்டத்தின் மேல் பழி போடக்கூடாது.

முதல் மாதம் எங்களுக்கு முந்நூறுக்கு மேல் எச்சரிக்கைகள் வந்தன. லிங்கன் கொலை பற்றிய கட்டுரை. "இந்த ஹோம்வொர்க் என்னைக் கொல்கிறது." வீடியோ கேமில் யார் யாரைச் சுட்டது என்ற விவாதம். இதற்கு நடுவில் நான்கு உண்மை. அந்த நான்கில் ஒன்று, நாங்கள் அன்றே பேசியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ என்று இன்றும் நினைக்கும் விஷயம். அதனால் இது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை.

ஆனால் அதே வருடம் இன்னொரு பெண். கவிதை எழுதுவாள், இருண்ட கவிதை, பதினைந்து வயதில் எழுதுகிற மாதிரி. இரவு 11:47க்கு எச்சரிக்கை வந்தது. அந்த வாரம் போனை வைத்திருந்த துணை பிரின்சிபலுக்கு அவளைத் தெரியாது. நிறுவனம் சொன்ன வழிமுறைப்படி போலீசுக்குச் சொன்னார். நள்ளிரவில் வீட்டு வாசலில் இரண்டு சீருடைக்காரர்கள். தம்பி அழுகிறான், அப்பா வேலையில். மறுநாள் என் அறைக்கு வந்தவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "இனிமேல் காகிதத்தில் எழுதுவேன்." காகிதத்தில் எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. என்னிடம் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

அதனால் போர்டில் கேட்க வேண்டியது: எச்சரிக்கை வந்தால் போன் யார் கையில்? அவருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியுமா? இரவிலும் கோடையிலும் யார்? ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது எங்கள் தொழில் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. உங்களிடம் 2,300 பிள்ளைகளுக்கு எத்தனை கவுன்சிலர்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் மென்பொருள் வாங்கினால், "உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததே" என்று பிறகு யாரோ ஒரு பெற்றோர் கேட்கும் நாளைத்தான் வாங்குகிறீர்கள். எச்சரிக்கைப் பதிவுகள் எவ்வளவு நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அவை திருடு போனால் மதிப்பெண் திருடு போனது போல் இருக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இதுதான் இப்போது என் அறைக்கு அதிகம் வருகிறது. பையன்கள். எஃப்பிஐ எச்சரிக்கைகளில் சொல்வதும் 14 முதல் 17 வயதுப் பையன்களைத்தான். ஒரு பெண்ணின் பெயரில் யாரோ பேசி ஒரு அந்தரங்கப் படம் வாங்கிவிடுவார்கள், அடுத்த பத்தாவது நிமிடம் பணம் கேட்பார்கள். இது பள்ளிக் கணக்கில் நடப்பதில்லை, நடப்பது சொந்தப் போனில். உங்கள் மென்பொருள் எதையும் பார்க்காது. பையன் யாரிடம் வந்து சொல்வான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வந்தால்: பணம் கொடுக்க வேண்டாம், செய்திகளை அழிக்க வேண்டாம், நீ மாட்டிக்கொள்ளவில்லை, மாட்டவைக்கப்பட்டாய். காணாமல் போன, சுரண்டப்படும் பிள்ளைகளுக்கான என்சிஎம்ஈசி அமைப்பின் "டேக் இட் டவுன்" என்ற இலவச சேவை இருக்கிறது. படம் அவன் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும். 2025 மேயில் அதே பெயரில் ஒரு மத்தியச் சட்டமும் வந்திருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று: ஆதாரம் என்று நினைத்து அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் செய்தாலும் அது குற்றமாகலாம். தற்கொலை, மன நெருக்கடி உதவிக்கான 988 எண்ணை மாணவர் அட்டையின் பின்னால் அச்சடியுங்கள். அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

---

சார்ஜர்_எங்கே (ஏழு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி வந்து எழுதுகிறேன்.

சாவி 180 வாங்கினோம், 310 அல்ல. பழைய_அட்மின் சொன்னது போலவே மீதிப் பேர் போனுக்கே போனார்கள். சங்கத் தலைவர்தான் முதலில் பதிந்தார், சாவியோடு, கொஞ்சம் பெருமையாகவே. கெடு நாளன்று காலையில் என் வாசலில் ஒன்பது பேர். ஒரு ஜிம் ஆசிரியரின் சாவி துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் போய்வந்தது, இன்னும் வேலை செய்கிறது.

லஞ்ச் நம்பர் ஒழிந்தது. மழலை வகுப்புக்கு அட்டை, டீச்சர் சொன்ன டப்பா உட்பட. ஐந்தாம் வகுப்பு வரை மெயில் இல்லை, மேலே இருப்பவர்களுக்கு டிஸ்ட்ரிக்ட்டுக்குள் மட்டும். பெற்றோர் யாரும் கேட்பதற்கு முன்பே செயலிப் பட்டியலைப் பள்ளித் தளத்தில் போட்டுவிட்டோம். 96. வெறும்_அப்பா பார்த்தால் இன்னும் அதிகம் என்பார், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

சங்கத்தைப் பற்றி எல்லாரும் எச்சரித்தீர்கள், ஜெராக்ஸ் மெஷினைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை ஒரே நாளில் முடக்கினேன், 212. அதில் மூன்று வருடம் முன்பு ஓய்வுபெற்ற எங்கள் டெக்னீஷியனும் ஒருவர். நான்கு பள்ளிகளின் பதினொரு மெஷின்களும் ஸ்கேன் செய்ததை அவர் கணக்கு வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தன. அன்று பார்த்து ஐஇபி கூட்டங்கள். ஸ்கேன் எதுவும் போகவில்லை, அலுவலகப் பெண்கள் காகிதத்தைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் பள்ளி காரில் போனார்கள். என்னை இன்னும் சரியாகப் பார்த்துப் பேசுவதில்லை. இப்போது மெஷின்கள் மெயில் அனுப்பத் தனி வழியாக எஸ்எம்டிபி ரிலே போட்டாகிவிட்டது, யாருடைய பாஸ்வேர்டும் அதில் இல்லை.

போர்டில் கவுன்சிலர் அம்மாவின் கேள்வியை அப்படியே கேட்டேன்: போன் யார் கையில்? எங்களிடம் ஐந்து கவுன்சிலர்கள், ஒருவருக்கு 460 பிள்ளைகள். யாரும் பதில் சொல்லவில்லை. மென்பொருள் தள்ளிவைக்கப்பட்டது, ஆறாவது கவுன்சிலருக்கு வசந்த கால பட்ஜெட்டில் இடம் கேட்டிருக்கிறோம். கிடைக்குமா தெரியாது. சூப்பரின்டென்டன்ட் கொஞ்சம் முறைத்தார், எஃப்சிசி வரியைப் படித்துவிட்டு வேறெதுவும் சொல்லவில்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்த எட்டாம் வகுப்புப் பையன். வெள்ளிக்கிழமையே அவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, மெயில் அனுப்பியது நீதானே என்று கேட்டு, அவன் பதிவேட்டில் ஒரு ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதிவிட்டார்கள். நான் சம்பளத் திருடனைத் துரத்திக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவே இல்லை. புதிய பாஸ்வேர்டு வாங்க வந்தபோது தலைகுனிந்தபடியே கேட்டான்: "அது நான் இல்லைன்னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா?" உள்நுழைவுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். மெயில் போன நேரத்தில் அவன் பேண்ட் வகுப்பில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தான், கணக்கு திறந்திருந்தது வேறு நாட்டு ஐபியில். பதிவை அச்சடித்துப் பிரின்சிபலிடம் கொண்டுபோனேன். குறிப்பை நீக்கிவிட்டார்கள், அவன் வீட்டுக்கு ஒரு கடிதமும் போனது. கடிதத்தில் "தவறு எங்கள் கணக்கு அமைப்பில்" என்று எழுதச் சொல்லி இரண்டு முறை திருப்பி அனுப்பினேன், மூன்றாவது முறை எழுதினார்கள்.